சோர்ந்துபோன கினிக்கோழிக் குஞ்சைத் தேற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கினிக்கோழி வளர்ந்துவிட்டால் கல்லுக்குண்டு மாதிரி. ராத்திரி முழுக்க மரக்கிளையில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் காலையில் இறங்கி மேயப் போய்விடும். ஆனால் பொரித்த முதல் சில வாரங்கள் மட்டும் கதையே வேறு. அப்போது ஒரு குஞ்சின் எடை 25 முதல் 30 கிராம்தான். கறிக்கோழிக் குஞ்சைவிடச் சிறிசு. உடம்பு சிறிதென்றால் சூடும் சீக்கிரம் இறங்கும், நீர்ச்சத்தும் சீக்கிரம் வற்றும். காலையில் துறுதுறுவென்று ஓடிய குஞ்சு மத்தியானம் கவிழ்ந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

அப்படி ஒரு குஞ்சைப் பார்த்ததும் பலருக்குக் கை மருந்துப் புட்டிக்குப் போகும். இல்லையென்றால் அலகைத் திறந்து எதையாவது ஊட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் இரண்டுமே வேண்டாம். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அப்புறம் தீனி, அதற்குப் பிறகுதான் மருந்து. வரிசை மாறினால் பிழைக்க வேண்டிய குஞ்சும் போய்விடும். உடம்பு சில்லிட்டிருக்கும்போது செரிமானம் நடக்காது. ஊட்டிய தீனி தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும். விழுங்கத் தெம்பில்லாத குஞ்சின் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

நலமில்லை என்று எப்படித் தெரியும்?

கினிக்கோழிக் குஞ்சு நோயைக் காட்டிக்கொள்ளாது. சூட்டு விளக்கு மாட்டிக் குஞ்சுகளை வளர்க்கும் பெட்டிக்குள் கையை விட்டால் எல்லாம் சேர்ந்து மூலைக்கு ஓடும், நோயுள்ளதும் கூடவே ஓடும். அதனால் திறக்காமல், சற்றுத் தள்ளி நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். பயம் தெளிந்து மற்றவை கொத்த ஆரம்பித்ததும், எது அசையாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் நோயாளி. இறக்கை தொங்கும். உடம்பு பந்து போலப் புசுபுசுவென்று உப்பியிருக்கும். நின்றபடியே கண் செருகும். தண்ணீர்த் தட்டருகே போய் நிற்கும், ஆனால் குடிக்காது.

சத்தத்தையும் கவனியுங்கள். நல்ல குஞ்சு கூட்டத்தைப் பிரிந்தால் காது கிழியக் கத்தும். கத்துகிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. கத்தத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். தனியாக நின்றும் சத்தம் போடாத குஞ்சை உடனே கையில் எடுங்கள்.

எடுப்பதற்கு முன் மொத்தக் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. எல்லாம் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் பெட்டியில் சூடு போதவில்லை. எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி அலகைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். இந்த இரண்டிலும் ஒரு குஞ்சுக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லை, பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். ஒரே நாளில் நாலைந்து சேர்ந்து சோர்ந்தால் தொற்றாக இருக்கலாம், தீவனத்தில் கோளாறாக இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

முதலில் சூடு

குஞ்சின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். நனைந்திருந்தால் முதலில் மெல்லிய துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, உங்கள் விரல்களும் அந்தக் காற்றில் இருக்கும்படி காட்டுங்கள். விரலுக்குச் சுட்டால் குஞ்சுக்கும் சுடும்.

அப்புறம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் மட்டும் சூடு வருகிற மாதிரி விளக்கையோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியையோ வையுங்கள். குஞ்சு படுக்கும் மட்டத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 35 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மறுபக்கம் நாலைந்து டிகிரி குறைவாக இருக்கட்டும், தெளிந்ததும் தானாக நகர்ந்துபோக இடம் வேண்டும் அல்லவா. வழக்கமாக முதல் வாரம் 35 டிகிரியில் ஆரம்பித்து வாரத்துக்கு 3 டிகிரி குறைப்பார்கள். ஆனால் நோயுள்ள குஞ்சின் வயதைப் பார்த்துச் சூட்டைக் குறைக்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்துக் குஞ்சாக இருந்தாலும் தேறும்வரை முதல் வாரக் குஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. உடையாமலிருக்க டெஃப்லான் பூச்சுப் பூசிய சூட்டு விளக்குகள் உண்டு. அந்தப் பூச்சு சூடாகும்போது வெளிவரும் புகை பறவைகளைக் கொல்லும், நமக்கு வாசனைகூடத் தெரியாது. வாங்கும்போது உறையைப் படியுங்கள். இன்னொன்று, விளக்கை அதன் மின்கம்பியிலேயே தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள். விழுந்தால் கூளம் பற்றிக்கொள்ளும்.

தாயோடு திரியும் குஞ்சுகளுக்குப் பெரிய எமன் பனிப்புல். தாய்க் கினி விடிந்ததும் புல்லுக்குள் இறங்கி நடக்கும். பின்னால் வரும் குஞ்சுகள் தொப்பலாக நனைந்து ஒவ்வொன்றாகப் பின்தங்கும். அது திரும்பிப் பார்த்து நிற்கிற ரகம் இல்லை. அப்படி விறைத்துக் கிடக்கும் குஞ்சைச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டால், முதலில் அலகு ஒரு தடவை திறந்து மூடும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரல் இழுத்துக்கொள்ளும். அந்த அசைவைப் பார்த்துவிட்டால் நம்பிக்கையோடு பெட்டியில் வைக்கலாம். பாதி மணி, ஒரு மணி நேரத்தில் தலை தூக்கும் குஞ்சுகள் உண்டு.

அதிகச் சூட்டில் வாடிய குஞ்சுக்கு வேறு வழி. நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, அலகு நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டுங்கள். குளிர்ந்த நீரில் முக்கிவிடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர்

பாதம் வெதுவெதுப்பாகி, தலையைத் தானாகத் தூக்கி வைத்துக்கொள்ள முடிந்தால்தான் இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்தால் முதல் சில மணி நேரத்துக்குப் போதும். கோழிகளுக்கென்று விற்கும் எலக்ட்ரோலைட் பொடி இருந்தால் இன்னும் நல்லது, உறையில் சொன்ன அளவில் கலக்குங்கள். இதை ஒரு நாளுக்கு மேல் நீட்ட வேண்டாம். சர்க்கரை நீர் நாள்கணக்கில் போனால் எச்சம் இளகும், தட்டிலும் கெட்டுப்போகும்.

கொடுக்கும் விதம்தான் முக்கியம். குஞ்சின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. சிரிஞ்சை வாய்க்குள் விட்டு அழுத்தினால் நேரே அங்கேதான் போகும். டிராப்பரில் எடுத்து, அலகின் பக்கவாட்டில், வெளியிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு வையுங்கள். சொட்டு அலகின் விளிம்போடு ஓடி உள்ளே கசியும். குஞ்சு அலகைச் சப்புக்கொட்டுவது போல் திறந்து மூடி, தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு நாலைந்து சொட்டு போதும். கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை இதைத் திரும்பச் செய்யலாம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது குஞ்சுக்கு நல்லது. குழாய் வழியாகத் தீனிப்பைக்குள் செலுத்துவதை, பார்த்துப் பழகாமல் நீங்களாக முயல வேண்டாம்.

பெட்டிக்குள் வைக்கும் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். கினிக்குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட முங்கிச் சாகும். மூழ்காவிட்டாலும் நனைந்து விறைக்கும். தட்டில் கோலிக்குண்டுகளோ கூழாங்கற்களோ நிரப்பி, இடுக்குகளில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி வையுங்கள். பளபளக்கும் குண்டைக் கொத்த வந்து, அப்படியே குடிக்கவும் கற்றுக்கொள்ளும்.

தீனி

இன்றோ நேற்றோ பொரித்த குஞ்சு தின்னவில்லை என்று பதற வேண்டாம். பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். மூன்றாம் நாளும் தின்னவில்லை என்றால்தான் கைகொடுக்க வேண்டும்.

தண்ணீர் இறங்கி, ஒரு தடவையாவது எச்சம் போட்ட பிறகு தீனியைக் காட்டுங்கள். குஞ்சுத் தீவனத்தைப் பொடியாக நொறுக்கி வெந்நீர் விட்டுக் கூழாகப் பிசைந்தால் சுலபமாகத் தின்னும். கூடவே வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளி பிசைந்து வைக்கலாம். ஊட்டுவதைவிடக் கொத்தவைப்பதுதான் நல்லது. தட்டில் விரல் நகத்தால் டக் டக்கென்று தட்டுங்கள். தாய் கொத்திக் காட்டுவதாக நினைத்துக் குனியும். அலகின் நுனியில் துளி கூழைத் தடவினால் சப்பிப் பார்க்கும். ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் விடாதீர்கள், அந்தச் சூட்டில் புளித்துப்போகும்.

சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனம் கினிக்குப் போதாது. முதல் நாலைந்து வாரத்துக்கு 24 முதல் 26 சதவீதப் புரதம் வேண்டும். வான்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் ஏறக்குறைய இந்த அளவு இருக்கும். "காரணமில்லாமல் நோஞ்சானாக இருக்கிறது" என்று சொல்லப்படும் குஞ்சுகளில் பலவற்றுக்குக் காரணம் தீவன மூட்டையிலேயே இருக்கும்.

மூட்டையில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பதுண்டு. கோழிகளுக்கு அது ஒன்றும் செய்யாது, கினிக்கோழியைக் கொல்லும். பெயர் போடாத சில்லறைத் தீவனத்தைக் கினிக்கு வைக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நன்றாக இருந்த குஞ்சுகள் புது மூட்டை பிரித்ததும் கால் துவண்டு விழுந்தால், முதல் வேலையாக அந்தத் தீவனத்தை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

தினமும் காலையில், தீனி வைக்கும் முன், கிராம் காட்டும் சின்னத் தராசில் எடை பாருங்கள். பார்வைக்குத் தெளிந்த மாதிரித் தெரிந்தாலும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் குஞ்சு தேறவில்லை.

தனியாகவும் வேண்டும், துணையும் வேண்டும்

நோயுள்ளதைப் பிரிக்காவிட்டால் மற்றவை மிதிக்கும், கொத்தும், தொற்றும் பரவும். முழுக்கத் தனியாகப் போட்டாலோ கத்திக் கத்தியே தளரும், தின்னாது. கூட்டத்தோடே வாழப் பிறந்த பறவை. காயமோ கால் கோணலோ மட்டும் என்றால் பெரிய பெட்டிக்குள்ளேயே கம்பிவலைத் தடுப்புப் போட்டு ஒரு மூலை ஒதுக்குங்கள். மற்றவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். கழிச்சல், மூச்சுத் திணறல் மாதிரி தொற்று என்று சந்தேகம் இருந்தால் வேறு அறைக்கே கொண்டுபோங்கள். அப்போது பெட்டியின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாத்தி வைத்தால் சத்தம் அடங்கும். நல்ல குஞ்சுகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாக நோயாளியிடம் போங்கள், முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி குஞ்சிலிருந்து நமக்கும் வரும், குழந்தைகள் முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

இனி, என்ன கோளாறு என்று பார்க்கலாம்

சூடும் தண்ணீரும் போன பிறகு, குஞ்சை வெளிச்சத்தில் பிடித்து அடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

*கால் அகன்று போதல்.* இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் படக் கிடக்கும். வழுக்கும் தரைதான் பெரும்பாலும் காரணம், அதிலும் செய்தித்தாள். முதல் இரண்டு மூன்று நாளில் பிடித்துவிட்டால் நன்றாகச் சரியாகும், ஒரு வாரம் விட்டுவிட்டால் கஷ்டம். ஒட்டும் பேண்டேஜை ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, இரண்டு கால்களிலும் பாதத்துக்குச் சற்று மேலே வளையமாகச் சுற்றி, நடுவே ஒரு பாலம் மாதிரி ஒட்டுங்கள். பக்கத்தில் இயல்பாக நிற்கும் குஞ்சின் கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளி. வளையம் இறுகினால் பாதம் வீங்கும், நிறம் மாறும், தினமும் பாருங்கள். முதலில் குப்புற விழும், பிறகு பழகிக்கொள்ளும். அந்த நாட்களில் தண்ணீர்த் தட்டை நீங்கள் இருக்கும்போது மட்டும் வையுங்கள். மூன்று நாலு நாளில் கழற்றிப் பார்க்கலாம். தரையில் சொரசொரப்பான துணியையோ சாக்கையோ விரித்தாலே இந்தக் கோளாறு பாதிக்கு மேல் வராது.

முழங்கால் மாதிரித் தெரியும் மூட்டு ஒன்று வீங்கி, ஒரு கால் மட்டும் முறுக்கிக்கொண்டு போனால் இது வேறு. தசைநார் இடம் நழுவியிருக்கும்; மாங்கனீஸ், கோலைன் குறைபாட்டில் வருவது. கட்டுப்போட்டுச் சரியாகாது, அன்றே மருத்துவரிடம் காட்டினால் ஏதோ வாய்ப்பு இருக்கிறது.

*விரல் மடங்குதல்.* விரல்கள் உள்ளே சுருண்டு, முட்டியால் நடப்பது போல் நடக்கும். பாதத்தின் அளவுக்கு அட்டை வெட்டி, விரல்களை நேராக விரித்து, மேலே பேண்டேஜ் ஒட்டி ஒரு செருப்பு மாதிரி போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள். பி2 வைட்டமின் குறைவிலும் இது வரும் என்பதால் கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸைத் தண்ணீரில் சேர்ப்பது நல்லது.

*எச்சம் அடைத்தல்.* பின்பக்கம் எச்சம் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தால் குஞ்சால் மலம் கழிக்க முடியாது, ஓரிரு நாளில் செத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஒன்றிரண்டு நிமிடம் அதன்மேல் வைத்து ஊறவிடுங்கள். கட்டி இளகியபின் துடைத்தெடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வரும். துடைத்து, நன்றாகக் காயவைத்து, துளி வாசலின் தடவிச் சூட்டில் விடுங்கள். இங்கே ஒரு குழப்பம் நேரும்: வயிற்றுப் பக்கம், எச்சத்துவாரத்துக்குக் கீழே, கருப்பாக ஒரு பொருக்கு தெரியும். அது தொப்புள். எச்சம் என்று நினைத்து அதை இழுத்தால் குடலே வெளியே வந்துவிடலாம். எச்சத்துவாரம் வாலுக்கு அடியிலேயே இருக்கும்.

தொப்புளைச் சுற்றி ஈரமாக, நீலம் பாரித்து, வயிறு உப்பி, கெட்ட வாடை அடித்தால் மஞ்சள் கருவில் கிருமி புகுந்திருக்கிறது. இதில் பிழைப்பது அபூர்வம். பிரித்து வையுங்கள், அடுத்த முறை அடைவைக்கும் முன் இன்குபேட்டரைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான வைத்தியம்.

*கழுத்து திருகுதல்.* தலை முதுகுப் பக்கம் வளைந்து வானத்தைப் பார்க்கும், அல்லது ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பி1 அல்லது ஈ வைட்டமின் குறைவாக இருக்கலாம். பயந்து பறந்து சுவரில் தலையை மோதியும் வரலாம், கினியிடம் இது சாதாரணம். ஒரே ஒரு குஞ்சுக்கு என்றால் இருட்டான அமைதியான பெட்டி, வைட்டமின், கையால் சொட்டு நீர். பலவற்றுக்குச் சேர்ந்து வந்து, பச்சையாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, உடனே மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

*இரத்தக்கழிச்சல்.* மூன்று வாரத்துக்கு மேல், ஈரமான கூளத்தில் வளரும் குஞ்சுகளுக்கு வரும். எச்சத்தில் இரத்தம் அல்லது சளி, குறுகி நிற்றல், எடை இறங்குதல். ஆம்ப்ரோலியம் தான் வழக்கமான மருந்து. கோழிகளுக்கு, 20 சதவீதப் பொடி என்றால் லிட்டருக்கு 1.2 கிராம், மூன்று முதல் ஐந்து நாள், பிறகு அதில் கால் பங்காகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம் என்பது நடைமுறை. பொடியின் வீரியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உறையில் கினிக்கோழியின் பெயரும் இருக்காது. அளவை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 வைட்டமினைக் கிருமிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான். அதைக் கொடுக்கும் நாட்களில் பி காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வீண். இரண்டையும் ஒரே தட்டில் கலக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கழிச்சல் கந்தக மஞ்சளாக இருந்தால் இது இல்லை, கல்லீரலைத் தாக்கும் வேறு கிருமி. மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

*மூச்சுத் திணறல்.* கழுத்தை நீட்டி நீட்டி வாயைத் திறந்தால், வெளியே மேய்ந்து மண்புழு தின்ற குஞ்சாக இருந்தால், மூச்சுக்குழாய்ப் புழுவைச் சந்தேகிக்கலாம். பென்பெண்டசோல் மாதிரிப் புழு மருந்து கேட்கும், அளவு மருத்துவர் சொல்ல வேண்டும். பெட்டியை விட்டு வெளியே போகாத சின்னக் குஞ்சு சத்தமில்லாமல் திணறினால் கூளத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் மொத்தக் கூளத்தையும் அப்போதே அள்ளி வெளியே கொட்டுங்கள். நுரையீரலில் பூஞ்சை பிடித்த குஞ்சுக்குப் பெரிதாக மருந்து இல்லை, மீதியைக் காப்பாற்றலாம்.

என்ன நோய் என்று தெரியாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குளிரில் வாடிய குஞ்சுக்கு அது எதுவும் செய்யாது, குடலைத்தான் கெடுக்கும். பிராந்தி சொட்டு, பால் போன்றவையும் அப்படியே. சூடும் நீரும் கொடுத்து ஒரு நாள் ஆகியும் தலை தூக்காமல், வலியில் துடிக்கிற குஞ்சை இழுத்தடிக்காதீர்கள். வலியில்லாமல் முடிக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பது

இரண்டு நாள் தொடர்ந்து எடை ஏறி, தானாகத் தின்று குடித்து, கையை நீட்டினால் தப்பி ஓடுகிறது என்றால் திரும்ப விடலாம். பழைய பெட்டியின் சூட்டுக்குத் திடீரென்று மாற்றாமல், இரண்டு பெட்டிகளின் வெப்பநிலையும் ஒன்றாகும்வரை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி குறைத்துக்கொண்டு வாருங்கள். சேர்ப்பதற்கு நல்ல நேரம் சாயங்காலம், எல்லாம் தூங்க ஒதுங்கும்போது. ஒரு நாள் முழுக்கப் பிரிந்திருந்தாலே மற்றவை அதை அந்நியமாக நினைக்கும். விடிந்ததும் சுற்றி நின்று கொத்தும். அதனால் மறுநாள் காலை நீங்கள் அருகில் இருக்க வேண்டும். தீனித் தட்டையும் தண்ணீர்த் தட்டையும் இரண்டிரண்டாக, எதிரெதிர் மூலையில் வையுங்கள், ஒன்றில் விரட்டினால் இன்னொன்றுக்குப் போகும். இரத்தம் வருமளவு கொத்தினால் வலைத் தடுப்பைத் திரும்பப் போட்டு இரண்டு நாள் கழித்து முயலலாம். தேறிய குஞ்சோடு நல்ல குஞ்சு ஒன்றையும் முதல் நாளே அதன் பெட்டியில் விட்டுப் பழக்கி, இரண்டையும் ஜோடியாகச் சேர்த்தால் கொத்து பாதியாகக் குறையும்.

நோயாளி இருந்த அட்டைப்பெட்டியைக் கூளத்தோடு எரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் முதலில் சோப்பால் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, அதற்கப்புறம் கிருமிநாசினி ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த குஞ்சை விட வேண்டும்.